பத்துக் குறிப்புகளில் நான்காவது

இந்தச் சம்பவத்துக்கு முன்பு கோவில்பட்டியிலும் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களிலும் என் நிலை என்னவாக இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால், அன்று ஒரு வீட்டின் கூடத்தில் வாய் திறக்க எனக்கு ஏன் அவ்வளவு நேரம் பிடித்தது என்பது உங்களுக்கு விளங்காது.

நான் இயற்பியலில் பட்டம் பெற்றவன். தொலைக்காட்சி பழுதுபார்க்கும் தொழிலுக்கு நான் வந்த காலத்தில், இந்த ஊரில் கடைப் பலகையில் பெயருக்குப் பின்னால் பட்டத்தைப் போட்டுக்கொண்டவன் நான் ஒருவனே. முப்பத்து நான்கு ஆண்டுகள் தொழில் செய்தேன். பசுவந்தனை, ஓட்டப்பிடாரம், நாகலாபுரம் என்று என் ஸ்கூட்டர் போகாத ஊர் குறைவு. இரண்டு கடைக்காரர்கள் ஒரே பெட்டிக்கு இரண்டு விதமாகக் காரணம் சொன்னால், "அவிய வந்து பாத்துச் சொல்லட்டும்" என்று என்னைக் கூப்பிடுவார்கள். நான் சொன்ன பிறகு மூன்றாவது ஆளைக் கூப்பிட்டதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய்யாகும். பெருமையாகத்தான் சொல்கிறேன்.

அந்தப் பெருமையின் ஒரு பகுதி, நான் அச்சடித்துக் கொடுத்த ஒரு தாள். படக்குழாய்ப் பெட்டிகள் வீடுகளுக்கு வந்த நாள்களில், வாடிக்கையாளர்களுக்காகப் பத்துக் குறிப்புகள் எழுதினேன். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊரில் ஸ்டெபிலைசர் இல்லாமல் பெட்டியை இயக்க வேண்டாம், பின்புறக் காற்றுத் துளைகளை மறைத்து விரிப்புப் போட வேண்டாம், மேற்கு வெயில் நேராக விழும் சுவரில் வைக்க வேண்டாம், இடி இடிக்கும்போது ஆன்டெனா வயரைக் கழற்றிவிடுங்கள், இப்படிப் பத்து. கீழே என் பெயர், பட்டம், கையெழுத்து. வேறு எந்தக் கடைக்காரரும் இப்படி ஒன்றைக் கொடுத்ததில்லை. பெட்டியை ஒப்படைக்கும்போது இந்தத் தாளையும் இரண்டு கையாலும் கொடுப்பேன். பல வீடுகளில் அதை நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தார்கள்.

நான்காவது குறிப்பு இது: "வாரம் ஒருமுறை, சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் திரைக் கண்ணாடியை மேலிருந்து கீழாகத் துடைக்கவும்."

அந்தக் காலத்துக்கு அது சரியான வாக்கியம். ஆனி ஆடி மாதங்களில் மேல்காற்று கரிசல் மண்ணை வாரிக்கொண்டு வரும். மாவுபோல் நைந்த கறுப்புப் புழுதி. சன்னலைச் சாத்தினாலும் உள்ளே வரும். படக்குழாயின் கண்ணாடி தன் மின்னேற்றத்தால் அந்தப் புழுதியை இழுத்துப் பூசிக்கொள்ளும். உலர்ந்த துணியால் துடைத்தால் இடம் மாறுமே தவிரப் போகாது. ஈரத்துணிதான் வழி. கண்ணாடி விரல் கனத்துக்கு இருக்கும். நீர் வழிந்தாலும் பெட்டிக்கு வெளியே வழிந்து காய்ந்துவிடும்.

தட்டைத் திரைகள் வந்தபோது இந்த வாக்கியத்தின் ஆயுள் முடிந்தது. இதுவும் எனக்குத் தெரியும். அந்தத் திரையில் வழியும் நீர் கீழ்ச் சட்டத்துக்குள் இறங்கிவிடும். திரையையும் மின்பலகையையும் இணைக்கும் மெல்லிய படலங்கள் பல பெட்டிகளில் அங்கேதான் இருக்கின்றன. காகிதம்போல் மெலிந்த ஒவ்வொரு படலமும் திரையின் ஒரு பகுதிக்குப் படத்தைக் கொண்டுபோகிறது. ஈரம் பட்டு ஒரு படலம் அரித்துப்போனால் மேலிருந்து கீழ்வரை கோடு விழும். என் கடைப் பையன்களுக்கு இதைச் சொன்னேன். பழுதுபார்ப்போர் சங்கக் கூட்டத்தில் அரை மணி நேரம் பேசினேன். தாளை மட்டும் திரும்பப் பெறவில்லை. அச்சகத்தில் ஒருமுறை மறுபதிப்புக்குக் கொடுத்தபோதும் தொலைபேசி எண்ணை மாற்றச் சொன்னேனே தவிர, நான்காவது குறிப்பைப் படித்துப் பார்க்கவில்லை. எழுதியவன் நான்தானே, எதற்குப் படிக்க வேண்டும் என்ற எண்ணம்.

கடையை மூடி ஓய்வுக்கு வந்த பிறகு, ஒரு புதன்கிழமை காலை பசுவந்தனையிலிருந்து சவரிமுத்து கூப்பிட்டார். உளுந்தும் மக்காச்சோளமும் விதைக்கிற சம்சாரி. என் பழைய வாடிக்கையாளர். "அண்ணாச்சி, நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னாத்தான் இது தீரும்" என்றார். தொலைபேசியில் அவருக்குப் பின்னால் இரண்டு குரல்கள் கேட்டன.

போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஒரு சிறிய வேன் நின்றது. கூடத்தில் நான்கு பேர். சவரிமுத்து, அவருடைய மனைவி ரோஸம்மாள், மருமகள் ஜெசிந்தா, ஜெசிந்தாவின் தகப்பனார் அந்தோணி. மகன் வளைகுடா நாட்டில் வேலையில் இருந்தான். இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே சுவரில் பெரிய எல்.இ.டி. பெட்டி. ஜெசிந்தாவின் கல்யாணத்துக்கு அவள் வீட்டார் சீராகக் கொடுத்தது. வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. திரையின் வலது பக்கத்தில் ஏழு கோடுகள், ஒன்று பச்சை, மற்றவை இளஞ்சிவப்பு, மேலிருந்து கீழ்வரை.

"ஞாயித்துக்கெழம டிவி பூசையில சாமியார் மொகத்துலயே கோடு விழுது அண்ணாச்சி. பாக்கவே மனசுக்குச் சங்கடமா இருக்கு" என்றார் ரோஸம்மாள்.

கம்பெனியிலிருந்து வந்த டெக்னீஷியன் இரண்டு நாள் முன்பு செல்போனில் படமெடுத்து அனுப்பிவிட்டு, நீர் புகுந்திருக்கிறது, வாரண்டி பொருந்தாது என்று எழுதிக் கொடுத்துப் போயிருந்தார். அந்தத் தாளை வைத்துக்கொண்டு வீடு இரண்டாகிவிட்டது. தண்ணீர் எப்படிப் போகும், பெண் வீட்டார் கொடுத்ததே மட்டமான பெட்டி என்பது ரோஸம்மாளின் முதல் கட்சி. தண்ணீர்தான் என்றால் அதை ஊற்றியது மருமகள்தான் என்பது இரண்டாவது கட்சி. இரண்டில் எது நின்றாலும் பழி ஜெசிந்தாவின் பக்கம் போய் விழும். ரோஸம்மாள் ஓட்டப்பிடாரத்தில் இருக்கும் சம்பந்திக்குப் போன் போட்டு, "உங்க சீரு எப்பிடி இருக்குன்னு வந்து பாத்துட்டுப் போங்க" என்று சொல்லியிருக்கிறார். அந்தோணி வேனோடு வந்திருந்தார்.

"மட்டம்னு ஒரு சொல்லு இன்னொருக்கா வந்துச்சுன்னா, டிவியையும் எம் மவளையும் சேத்து வண்டியில ஏத்திருவேன்" என்றார் அவர். "ரெண்டுமே நான் குடுத்ததுதான?"

"எடுத்துட்டுப் போங்களேன். ஆணிய மட்டும் விட்டுட்டுப் போங்க, அது நாங்க அடிச்சது" என்றார் ரோஸம்மாள்.

பெட்டியைக் கழற்றி, உள்ளறைக் கட்டிலில் போர்வை விரித்துக் கவிழ்த்து வைத்து, பின்மூடியையும் கீழ்ச் சட்டத்தையும் திறந்தேன். சட்டத்தின் உள்ளே கறுப்பாக ஒரு வரி. கரிசல் புழுதி நீரோடு இறங்கிச் சேறாகிக் காய்ந்து, கோடையில் கண்மாய் வெடித்துக் கிடப்பதுபோல் கிடந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். படிவு படிவாக வந்தது. அதற்கு நேரே மேலே ஒரு படலத்தின் செம்பு விளிம்பு பச்சை பூத்திருந்தது.

ஒரு தடவை தண்ணீர் கொட்டியிருந்தால் ஒரே கறையாக இருக்கும். படிவுகள் இருந்தால் பலமுறை, பல வாரங்கள். ஆகவே பெட்டி மட்டமானதல்ல. யாரும் தவறிக் கொட்டவும் இல்லை. இது ஒரு வழக்கத்தின் விளைவு. இதுவரை என் அறிவு சரியாகவே வேலை செய்தது. அடுத்து நான் செய்தது தவறு. கூடத்துக்குத் திரும்பி, நான்கு பேருக்கும் முன்னால், "வாரா வாரம் இதை ஈரத்துணியால் துடைக்கிறது யாரு?" என்று கேட்டேன்.

நம் வேலை காரணத்தைச் சொல்வது. ஆளைக் கேட்டது என் பழக்கத்தில் வந்த அதிகாரம். அந்தக் கேள்வி என் வாயிலிருந்து போன கணத்தில் எல்லாரும் ஜெசிந்தாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு இருபத்து நான்கு வயதிருக்கலாம். சமையலறை நிலைப்படியை ஒட்டி நின்றவள் அசையவில்லை.

"நான்தான் தொடைக்கேன்" என்றாள்.

"கேட்டுக்கிடுங்க!" என்றார் ரோஸம்மாள், சம்பந்தியைப் பார்த்து. "நாங்க ஒண்ணும் தெரியாதவுக இல்ல. டிவிய எப்பிடி வச்சிக்கிடணும்னு எங்க வீட்டுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம்." எழுந்து போய் ஷோகேஸ் கதவைத் திறந்தார். கதவின் உட்புறத்தில் என் தாள். மஞ்சளித்து, லேமினேஷன் போடப்பட்டு, நான்கு மூலையும் பசை நாடாவால் ஒட்டியிருந்தது. "அண்ணாச்சி கையெழுத்துப் போட்டுக் குடுத்தது. பழைய டிவி பதினாறு வருசம் ஓடுச்சு, எதுனால? இதுனாலதான். வந்த மொத வாரமே இவளக் கூப்பிட்டு, ஏட்டி, இதுல உள்ளபடி செய்யின்னு காட்டிக் குடுத்தேன். ஒழுங்காப் பிழியாமத் தொடைச்சிருக்கா. இப்பம் வாயத் தொறக்க மாட்டேங்கா."

ஜெசிந்தா வாயைத் திறந்தாள். "நல்லாப் பிழிஞ்சுதான் தொடைச்சேன் அத்தை. நான் மொதல்லயே வேண்டாம்னு சொன்னேன். டிவி கூட வந்த புஸ்தகத்துல காஞ்ச துணியால தொடைக்கணும்னு போட்டிருக்கு. அதையும் எடுத்துட்டு வந்து காட்டுனேன். நீங்க இந்தப் பேப்பரக் காட்டி, இதத்தான் செய்யணும்னீங்க."

சவரிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தப் பேச்சு நினைவிருந்தது என்று எனக்குத் தோன்றியது.

"பாத்தீங்களா வாய?" என்றார் ரோஸம்மாள். "அப்பம் பி.எஸ்ஸி. படிச்ச அண்ணாச்சி எழுதுனது தப்பு, நேத்து வந்த நீ சொல்லுதது சரி. அப்பிடித்தான? அண்ணாச்சியே இருக்காவ. அவியட்டயே கேப்போம். சொல்லுங்க அண்ணாச்சி."

இந்தத் தொழிலில் இருக்கும் இளைய நண்பர்களே, இக்கட்டு என்றால் உயர் மின்னழுத்தம், தீப்பொறி, வெடித்த மின்தேக்கி என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். அவற்றுக்கெல்லாம் கை தானாகவே விலகிக்கொள்ளும். இந்த இக்கட்டில் விலகிக்கொள்ளப் பல கதவுகள் திறந்திருந்தன. காற்றின் ஈரப்பதம் என்று சொல்லியிருக்கலாம். தயாரிப்பில் சிறு குறை, உங்கள் அதிர்ஷ்டம் அப்படி என்று சொல்லியிருக்கலாம். சரியாகத் தெரியவில்லை, பெரிய ஊருக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். நான் எதைச் சொன்னாலும் அந்த வீடு நம்பியிருக்கும். பொய்யைச் சுலபமாக்கியதே என் நற்பெயர்தான்.

நானும் அப்படி ஒரு கதவு வழியாக விலகப் பார்த்தேன். அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. "அது பழைய பெட்டிக்கு எழுதினது" என்றேன். முழுப் பொய் அல்ல. ஆனால் தப்பித்துக்கொள்வதற்காகச் சொன்னது. தாளைச் சரியாகப் புரிந்துகொள்ளாத குற்றம் இப்போது ரோஸம்மாளின் மேல் போயிருந்தது.

அவர் கோபப்படவில்லை. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஷோகேஸ் கதவுக்கு அருகில் குனிந்து, முதல் வரியிலிருந்து பத்தாவது வரிவரை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். பிறகு உண்மையான குழப்பத்தோடு திரும்பி, "பழைய டிவிக்குன்னு இதுல எங்கன அண்ணாச்சி போட்டிருக்கு?" என்று கேட்டார்.

எங்கும் போட்டிருக்கவில்லை. பதினாறு ஆண்டுகள் என் வார்த்தையை ஓர் எழுத்தும் மாற்றாமல் நிறைவேற்றிய பெண்மணி அவர். அவரைப்போல் வேறு யாரும் என்னை மதித்ததில்லை. அந்த மதிப்புதான் இந்தத் திரையைக் கெடுத்திருந்தது.

"போடலை" என்றேன். "போட்டிருக்கணும். அந்த நாலாவது குறிப்பு இந்த டிவிக்குத் தப்பு. நல்லாப் பிழிஞ்சு தொடைச்சாலும் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா ஈரம் உள்ளே இறங்கும். உங்க மருமகள் சொன்னதுதான் சரி. நான் எழுதினது தப்பு."

அந்தோணிதான் முதலில் தெளிந்தார்.

"அப்பம் எங்க டிவி மட்டமில்ல?"

"இல்லை. நல்ல பெட்டி."

"எம் மவ பொய் சொல்லல?"

"இல்லை."

அவர் வாசலுக்குப் போய், "ஏலே, வண்டியத் திருப்பிக் கொண்டு போ. நான் பஸ்ஸுல வந்துக்கிடுதேன்" என்று டிரைவரிடம் கத்தினார். அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த சவரிமுத்து, "காப்பி குடிச்சிட்டுப் போங்க சம்பந்தி" என்றார். அந்த வீட்டில் அன்று சமாதானம் என்று நடந்தது அவ்வளவுதான். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. ரோஸம்மாள் மட்டும் தாளைக் கதவிலிருந்து பிய்த்து என்னிடம் நீட்டினார்.

"அப்பம் திருத்திக் குடுங்க."

லேமினேஷன் மேல் பேனா எழுதவில்லை, வழுக்கிக்கொண்டு போயிற்று. அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெசிந்தா உள்ளே போய் ஒரு பிளேடு கொண்டுவந்து கொடுத்தாள். உறையைக் கீறி, நான்காவது வரியை அடித்தேன். பக்கத்து வெள்ளையில் எழுதினேன்: "தட்டைத் திரையை உலர்ந்த மென்துணியால், அழுத்தாமல் துடைக்கவும். புழுதி கனமாக இருந்தால் முதலில் மென்தூரிகையால் தட்டிவிடவும், தேய்த்தால் கீறும். நீரோ துப்புரவு மருந்தோ திரையின் மேல் தெளிக்கக் கூடாது. கறை விடாவிட்டால் துணியின் நுனியை மட்டும் மிக லேசாக ஈரமாக்கி அந்த இடத்தை மட்டும் துடைத்து, உடனே உலர்த்தவும்." கையெழுத்துப் போடப்போனேன்.

"மொதல்ல சுவிட்ச அமத்தி, திரை ஆறுனப்புறம் தொடைக்கணும்னும் அந்தப் புஸ்தகத்துல இருக்கு சார்" என்றாள் ஜெசிந்தா.

அதையும் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

திரும்பி வரும் வழியில், என் தாள் இன்னும் எத்தனை வீடுகளில் இருக்கும் என்பதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அடுத்த சில வாரங்கள் நினைவுக்கு வந்த வீடுகளுக்கெல்லாம் போனேன். சிலர் தாளை எப்போதோ தூக்கி எறிந்திருந்தார்கள். சிலர் சிரித்தார்கள். நாகலாபுரத்தில் ஒருவர், "இதுக்காகவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க, போன்ல சொல்லப்பிடாதா?" என்றார். இரண்டு வீடுகளில் தாள் சுவரில் இருந்தது. துணியும் வாளியும் தயாராக இருந்தன. அந்த இரண்டு வீடுகளுக்காக மற்ற வீடுகளுக்கும் போனது வீண் அல்ல.

நீங்கள் சரிசெய்த பெட்டி சில வருடங்களில் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். நீங்கள் சொன்ன வாக்கியம் போகாது. வீட்டுக்காரர் அதை அடுத்த பெட்டிக்கும், அதற்கு அடுத்ததற்கும் பயன்படுத்துவார். ஆகவே, எந்தப் பெட்டிக்குச் சொல்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் கையில் அந்தக் கருவியின் கையேடு இருந்து, அது உங்களுக்கு எதிராக ஒன்று சொன்னால், அதை வாங்கிப் படியுங்கள். படிப்பதால் பட்டம் குறைந்துவிடாது. நீர் புகுந்திருக்கிறது என்று எழுதும்போது, அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வீடு யாரைத் தேடும் என்பதையும் நினையுங்கள். நீர் வந்த வழியையும் எழுதுங்கள். ஆளை எழுத வேண்டாம், கேட்கவும் வேண்டாம்.

இனி, இதை நான் எழுத நேர்ந்த காரணம். இந்தச் சம்பவம் வேறு வடிவத்தில் உலவுவதை அண்மையில் நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் கேட்டேன். மேடையில் ஒருவர் என்னைப் பாராட்டினார். பசுவந்தனையில் ஒரு கல்யாண வாழ்க்கை முறிய இருந்ததாகவும், அண்ணாச்சி தம் பெயரைப் பொருட்படுத்தாமல் பழியைத் தம் மேல் போட்டுக்கொண்டு ஒரு பெண்ணைக் காப்பாற்றியதாகவும், பிறகு அந்தத் திரையையும் தம் கையாலேயே சரிசெய்து கொடுத்ததாகவும் சொன்னார். கைதட்டினார்கள். அங்கேயே எழுந்து மறுத்திருக்க வேண்டும். மாலை கழுத்தில் இருந்தது, உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பாராட்டு உண்மையானால், குற்றம் ஜெசிந்தாவுடையது, மறைத்தது நான் என்று ஆகிறது. அந்தப் பேச்சு ஓட்டப்பிடாரம்வரை போயிருக்கிறது என்பதையும் அறிகிறேன். ஆகவே இங்கே பதிவு செய்கிறேன். திரையை நான் சரிசெய்யவில்லை. அதைச் சரிசெய்ய முடியாது. அன்று ஏழாக இருந்த கோடுகள் இப்போது ஒன்பது. நான் யாருடைய பழியையும் ஏற்றுக்கொள்ளவில்லை. நான்காவது குறிப்பு தவறு. அதை எழுதியவன் நான்.